நெஞ்சளவுச் சுவர்

போன மாதம் அபிராமி தொலைபேசியில் அழைத்தாள். நான் இருபது வருடம் சொச்சம் வேலை செய்த கட்டடத் திருத்த நிறுவனத்தில் இப்போது இருக்கிற இளம் பொறியியலாளர் அவள். இங்கேயே பிறந்த பிள்ளை. இப்போதெல்லாம் அவர்கள் கூரைக்கு ஏறுவது குறைவு. ஒரு சின்ன விமானத்தைப் பறக்கவிட்டுக் கீழே காருக்குள் கோப்பியோடு இருந்து பார்க்கிறார்கள். நாங்கள் கடதாசியில் நிரப்பிய படிவத்தையும் ரப்லெற் கணினிக்கு மாற்றுகிறார்களாம். அதில்தான் சிக்கல்.

"அங்கிள், றூஃப் ஃபோர்மிலை கடைசியா பி எண்டு ஒரு கொலம் இருக்கு. எல்லாத்திலயும் நீங்கள் யெஸ் இல்லாட்டி நோ எண்டு போட்டிருக்கிறீங்கள். வட் டஸ் இற் மீன்? இஞ்சை ஒருத்தருக்கும் தெரியேல்லை. டிலீற் பண்ணட்டா?"

"ஒருத்தருக்குமோ?"

"பாஸ் எண்டு ஒராள் சொன்னார். பரபெற் எண்டு இன்னொராள். பார்க்கிங் எண்டும் ஒராள் சொன்னவர்."

"கூரையிலை பார்க்கிங்கோ?"

"அதுதானே அங்கிள் உங்களைக் கேக்கிறன்."

அவசரப்பட்டு அழிக்க வேண்டாம், எழுதி அனுப்புகிறேன் என்றேன். தமிழில் எழுதினால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பதாகச் சொன்னாள். ஆகவே இதை முதலில் வாசிக்கப் போவது அபிராமியின் அம்மா. அவவுக்கு என் வணக்கம். கொஞ்சம் நீளும், தேத்தண்ணியை முதலே போட்டு வைத்துக்கொண்டால் நல்லது.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் படவரைஞராக இருந்தவன். மற்றவர்கள் கட்டப்போகும் வீட்டுக்குக் கோடு கீறுகிற வேலை. கனடாவுக்கு வந்து முதல் நாலு வருடம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு இந்த நிறுவனம், எனக்கு வரைபடம் வாசிக்கத் தெரியும் என்பதற்காகவே என்னை எடுத்தது. எடுத்த பிறகு மூன்று வருடம் ஒருவரும் ஒரு வரைபடத்தையும் கண்ணில் காட்டவில்லை. வாளி தூக்கினேன். சாந்து குழைத்தேன். பதினெட்டாம் மாடியில் பனிக்காற்றில் நின்று மூக்கு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தேன். பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான்.

எனக்கு மேலே இருந்தவர் றொக்கோ. இத்தாலியின் தெற்கிலிருந்து வந்தவர். அவர் வந்து நாற்பது வருடம், நான் வந்து நாலு வருடம், ஆனால் எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் ஒரே அளவு. அதனால்தான் ஒத்துப்போனோம் என்று நினைக்கிறேன். ஆள் கட்டை. கோபம் வந்தால் குரல் இறங்கும். அவர் பேசியதை நான் தமிழில் எழுதினால் யாழ்ப்பாணத்தார் பேசுவது மாதிரித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு தமிழ் எனக்கு வராது.

அவரோடு போன முதல் நாள் ஒரு பழைய தொடர்மாடி வாசலில் வான் வண்டியை நிறுத்திவிட்டு, "போய் பரபெற்றைப் பாத்திட்டு வந்து சொல்லு" என்றார். எங்கள் ஊரில் பரபெற் என்றால் வளவைச் சுற்றிக் கட்டுகிற மதில். இலங்கையில் ஆரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குச் சந்தேகமே வரவில்லை. வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி நடந்து, குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த சுவரை முக்கால் மணித்தியாலம் குனிந்து பார்த்து, இரண்டு வெடிப்பு என்று வந்து சொன்னேன். றொக்கோ சிரிக்கவில்லை. இரண்டு வெடிப்பையும் எழுதிக்கொண்டார். பிறகு சுட்டுவிரலை மேலே நீட்டி, "இனி மற்றதைப் போய்ப் பாப்பம்" என்றார். இங்கே பரபெற் என்றால் கூரை விளிம்பைச் சுற்றி நிற்கிற குட்டைச் சுவராம். அந்த இரண்டு வெடிப்பும் அறிக்கையில் போய், சொந்தக்காரர் அதைத் திருத்தியும் விட்டார்.

கூரைக்கு ஏறினால் றொக்கோவின் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் பொக்கற்றுகளை வெறுமையாக்குவார். திறப்புக் கோர்வை, சில்லறை, பேனை எல்லாம் ஒரு துணிப்பையில் போய்க் கூரையின் நடுவில் இருக்கும். மேலே இருந்து விழுகிற பேனையும் ஆளைக் கொல்லும் என்பார். பிறகு இடுப்பு வாரைக் கட்டி, அதில் கயிற்றைக் கொளுவி, மறுமுனையைக் கூரை வளையத்தில் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் விளிம்புக்குப் போவார். சுத்தியலைத் திருப்பிப் பிடித்து மரக் கைபிடியால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக்கொண்டு வலம் வருவார். நல்ல கல் "ணங்" என்னும். உள்ளே தண்ணீர் போன கல் "தொப்" என்னும். தட்டும்போது கதைத்தால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான், பிறகு நாங்கள் ஒரு கிழமைக்குக் கதைக்க மாட்டோம்.

அன்றைக்கு ஒரு சுற்று முடித்து வந்து, தன் நெஞ்சில் உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார்.

"பெத்தோ" என்றார். பிறகு சுவரில் தட்டினார். "பரபெத்தோ. நெஞ்சைக் காக்கிறது. இங்கிலிஷ்காரன் எங்களிட்டை எடுத்து வாலை வெட்டிப்போட்டான்."

அவர் சொன்னதை நான் உடனே நம்பவில்லை. சனிக்கிழமை நூலகத்துக்குப் போய் அகராதியில் பார்த்தேன். மனுசன் சொன்னது சரி. அது கோட்டை கட்டினவர்களின் சொல். மதிலுக்கு மேலே நின்று சண்டை பிடிக்கிறவனுக்கு முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர். குனிந்தால் தலை மறையும், நிமிர்ந்தால் சுடலாம். பீரங்கி வந்த பிறகு இத்தாலிக்காரர் ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்குக் கோட்டை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சொல்லும் கூடப் போயிருக்கிறது. கடைசியில் கோட்டைகள் போய்ச் சொல் மட்டும் மிஞ்சி, தொடர்மாடிக் கூரைகளில் வந்து உட்கார்ந்துவிட்டது.

எனக்கு அந்தச் சுவரை நன்றாகவே தெரியும் என்று அப்போதுதான் விளங்கியது. ஊரில் சந்திக்குச் சந்தி மண்மூட்டை அடுக்கியிருந்தது நெஞ்சு உயரத்துக்குத்தான். இராணுவத்தினரை நாங்கள் நெஞ்சுக்கு மேலேதான் பார்த்திருக்கிறோம். காலில் என்ன போட்டிருந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்ற பக்கத்தில் சுவர் ஒன்றும் இருக்கவில்லை.

தமிழில் இதற்குப் பெயர் கைப்பிடிச்சுவர். ஊரில் வரைபடங்களில் நானே அப்படி எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். மொட்டைமாடியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு ஆர் வருகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறதுக்கு ஒரு சுவர். அதுக்குக் கை போதும். இத்தாலிக்காரனுக்கு எதிரே அம்பும் குண்டும் வந்திருக்கிறது, அவன் நெஞ்சை நினைத்திருக்கிறான். இதை றொக்கோவுக்குச் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, "கை விட்டிடும்" என்றார்.

இப்போது பி என்ற கட்டத்துக்கு வருகிறேன். அது றொக்கோ அடிமட்டம் வைத்துத் தன் கையால் கீறிச் சேர்த்த கட்டம். பெத்தோவின் பி. கீறிய படிவத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வைத்தார். அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை, ஆகவே அது விதியாகிவிட்டது. மற்றக் கட்டங்கள் எல்லாம் உயரம், தடிப்பு, வெடிப்பின் நீளம், ஈரம். அதெல்லாம் பொறியியலாளருக்கு. கடைசிக் கட்டம் பார்க்கப் போனவனுக்கு. எல்லாம் அளந்து முடிந்த பிறகு அவன் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கயிற்றைக் கழற்றிவிட்டு இதில் என் நெஞ்சை வைத்துச் சாய்வேனா? ஓம் அல்லது இல்லை.

"சாயத் தேவையில்லை" என்றார் றொக்கோ. "கேக்கத்தான் வேணும். அரை நெஞ்சு எண்டு ஒண்டு இல்லை."

ஒருமுறை ஒரு கட்டட முகாமையாளர், நல்ல கோட்டுப் போட்டவர், அந்தக் கட்டத்தைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். உயரம் சரி, தடிப்பு சரி, பிறகு ஏன் இதில் மட்டும் நோ, இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார். றொக்கோ குரலை இறக்கி, "நீங்கள் ஒருக்காச் சாயுங்கோ. நான் அழிச்சுப்போட்டு யெஸ் எண்டு போடுறன்" என்றார். முகாமையாளர் சுவரைப் பார்த்தார். தன் கோட்டையும் பார்த்தார். பிறகு, சுவரை எப்போது திருத்தத் தொடங்குவீர்கள் என்று கேட்டார்.

இவ்வளவும் நல்ல கதை. இனி எழுதப் போவது அப்படி இல்லை.

நான் கனடாவில் இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு எனக்கொரு குளிர்க் கோட்டோடு வந்தவர் குணம் அண்ணை. சொந்தமில்லை, என் அண்ணரோடு படித்தவர். டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒரு பதினாறு மாடிக் கட்டடத்துக்கு அவர்தான் சுப்பர். பைப் திருத்துவது, படிக்கட்டுக் கூட்டுவது, கதவுத் திறப்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. வேலையோடு சேர்த்துக் கீழ்த் தளத்தில் ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில், அவரும் மனைவி பவளம் அக்காவும் சின்ன மகள் துளசியும் இருக்கிற இடத்தில், நான் நாலு மாதம் சோபாவில் படுத்தேன். ஒரு நாளாவது அக்கா எனக்கு ஆறின சோறு தரவில்லை.

அந்தக் காலத்தில் தமிழ் ரிவி பார்க்க வேண்டும் என்றால் டிஷ் வேண்டும். கீழ்த் தள வீட்டுக்கு எதிரே இன்னொரு கட்டடம் மறைத்துக்கொண்டு நின்றது.

"நீ படம் கீறின ஆள்தானே" என்றார் குணம் அண்ணை. "சுவரைப் பற்றி உனக்குத் தெரியும். கூரையிலை பூட்டிவிடு."

எனக்குச் சுவரைக் கீறத் தெரியும். சுவரின் உச்சியில் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஒரு மூடுகல் வைத்திருப்பார்கள், அதை மட்டும் துளைக்கக் கூடாது என்று தெரியாது. தண்ணீர் உள்ளே போய் உறைந்து கல்லைப் பிளக்கிற குளிர் எங்கள் ஊரில் இல்லை. நான் நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்து, அந்த மூடுகல்லிலேயே மேலிருந்து நேரே நாலு துளை போட்டுப் பூட்டினேன். படம் பளிச்சென்று வந்தது. அக்கா வடை சுட்டா.

அதன் பிறகு ஏழாம் மாடியிலிருந்து வந்து கேட்டார்கள். பிறகு பன்னிரண்டாம் மாடி. ஊர்ச் சனத்துக்கு இல்லையென்று சொல்ல அண்ணைக்கு வாய் வராது. கூரைக் கதவுத் திறப்பைக் கொடுத்து, "பாலா போட்ட மாதிரிப் போடுங்கோ" என்று விடுவார். அந்தப் பாலா நான்தான். போட்டார்கள். கோயில் வாசலில் நிற்கிற சனம் மாதிரிப் பதினொரு டிஷ், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன.

ஒன்பது பனிக்காலம் போயிற்று. இதற்கிடையில் நான் கோப்பை கழுவி, வாளி தூக்கி, றொக்கோவோடு ஏறி இறங்கி ஆளாகிவிட்டேன். ஓர் ஏப்ரல் காலை வேலைப் பட்டியலில் அந்த முகவரி இருந்தது. அங்கே சுப்பர் என் ஆள், நான் வரவில்லை என்று றொக்கோவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

றொக்கோ பொக்கற்றை வெறுமையாக்கினார். கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். நானும் என் கயிற்றைப் பூட்டினேன். தட்டிக்கொண்டு போனார். ணங், ணங், ணங். தென்மேற்கு மூலையில் தொப். அடுத்ததும் தொப். அங்கிருந்து பதினொரு டிஷ் நிற்கிற நீளத்துக்கும் தொப். மூலையில் செங்கல் வரிசை ஒரு பெருவிரல் அளவு வெளியே தள்ளி நின்றது. நேரே கீழே பிரதான வாசல். பள்ளிக்கூட பஸ் வந்து பிள்ளைகளை இறக்குகிற இடம்.

றொக்கோ முழங்காலில் இருந்து துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்த நாலு துளையும் வடிவா இருக்கு" என்றார். "மட்டம் பாத்துத் துளைச்சிருக்கு. மற்றதெல்லாம் குடிகாரன் துளைச்ச மாதிரி. முதல் துளைச்சவன் வேலை தெரிஞ்சவன். அதுதான் வில்லங்கம். தெரியாதவனெண்டால் ஒருத்தரும் அவனைப் பாத்துச் செய்திருக்க மாட்டினம்."

நான் வானத்தைப் பார்த்தேன். அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருக்கவில்லை.

வாசலை மறித்து நாடா கட்ட அவர் இறங்கினார். போகும்போது படிவத்தை என்னிடம் தந்து, "நீ நிரப்பு. இண்டைக்குக் கையெழுத்தும் நீதான்" என்றார். ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தரம். வேறு எந்த நாள் தந்திருந்தாலும் அன்றிரவு வீட்டில் பாயாசம் காய்ச்சியிருப்போம்.

றொக்கோ இறங்கவும் குணம் அண்ணை ஏறி வந்தார். வீட்டுச் செருப்போடு வந்திருந்தார்.

"என்னவாம் கிழவன்?"

"சுவர் வெளியாலை தள்ளீற்றுது அண்ணை."

"உது எப்பவும் உப்பிடித்தானே நிண்டது."

"இல்லை அண்ணை."

அவர் படிவத்தை எட்டிப் பார்த்தார். கடைசிக் கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. "உதிலை நோ எண்டு போட்டால்?"

"இண்டைக்கே ஓனருக்குப் போகும். காரணமும் எழுத வேணும்."

"டிஷ் எண்டோ?"

"ஓம்."

"திறப்புக் குடுத்தது நான்."

"ஓம் அண்ணை."

டிஷ் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "துளசிக்கு ஜூனிலை பள்ளிக்கூடச் சோதினை. வேலை போனால் வீடும் போகும், உனக்குத் தெரியும்தானே. நீ படுத்த வீடு."

அவர் அதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை. சும்மா எந்த வீடு என்று அடையாளம் சொல்கிற மாதிரித்தான் சொன்னார்.

"பின்னேரமே பதினொண்டையும் கழட்டுவிக்கிறன். ஓட்டையளை சீமெந்து வைச்சு அடைப்பம். நீ யெஸ் எண்டு போடு தம்பி. ஆருக்குத் தெரியப் போகுது?"

உள்ளதைச் சொல்கிறேன். யெஸ் என்ற சொல்லின் முதற் கோட்டை நான் போட்டுவிட்டேன். ஒரு சின்னச் சாய்ந்த கோடு. அதோடு என் கை நின்றுவிட்டது. அண்ணை அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன யோசிக்கிறாய்? எத்தினை வருசம் உதிலை சாய்ஞ்சு நிண்டு சிகரெட் பத்தினனான். வேணுமெண்டால் இப்பவும் சாயிறன், பார். நிண்டுதெண்டால் யெஸ் எண்டு போடு."

சொல்லிக்கொண்டே மூலைக்கு நடக்கத் தொடங்கிவிட்டார். செருப்பு சரளைக் கல்லில் சரக் சரக் என்றது.

"அண்ணை, நில்லுங்கோ! ஐயோ, அண்ணை!"

அவருடைய இரண்டு கையும் மூடுகல்லில் இருந்தது. நெஞ்சு குனிகிற நேரம் நான் பின்னால் அவருடைய பெல்ற்றைப் பிடித்துவிட்டேன். என் கயிறு இறுகி என்னை இழுக்க, நான் அவரை இழுக்க, இரண்டு பேரும் சரளைக்கு மேல் மல்லாக்காக விழுந்தோம். மூடுகல் அரை விரல் நகர்ந்தது. செங்கல் துண்டொன்று வெளிப்பக்கம் போனது. அது நிலத்தில் விழுந்த சத்தம் வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது, எடுத்தது. கீழே இருந்து றொக்கோவின் குரல் "ஏய்!" என்று ஒரு தரம் கேட்டது. துண்டு நாடாவுக்கு உள்ளேதான் விழுந்தது என்று பிறகு சொன்னார்.

விழுந்து கிடந்தபடியே அண்ணையின் பெல்ற்றை நான் இன்னும் பிடித்திருந்தேன்.

"அண்ணை, உதை முதல் பழுதாக்கினது நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். "நீ போட்டது நிக்குமெண்டுதானே மற்ற ஆக்களுக்கும் திறப்புக் குடுத்தனான்."

எழும்பி, காற்சட்டையைத் தட்டி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

அந்தச் சாய்ந்த கோட்டை வைத்தே நோ என்று எழுதினேன். முதல் எழுத்து கொஞ்சம் கோணல். காரணம் என்ற இடத்தில், மூடுகல்லைத் துளைத்து டிஷ் பூட்டியது என்றும், முதல் நாலு துளையும் கீழே கையெழுத்திடுபவர் போட்டது என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். றொக்கோ வந்து வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தார். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார்.

"திகதி போடேல்லை" என்றார்.

போட்டேன்.

"ரிவியிலை படம் நல்லாத் தெரிஞ்சுதோ?"

"ஓம்."

"ம்" என்று படிவத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். செருப்பை எடுத்து என் கையில் தந்தார்.

நிறுவனத்தில் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். வேலையால் நிறுத்துவார்கள் என்றுதான் நான் இருந்தேன். சுவர் எப்படிப் பழுதாகிறது என்று இவனுக்குத்தான் சரியாகத் தெரியும், இவனை அனுப்பிவிட்டு வேறு ஆரை அனுப்பப் போகிறீர்கள் என்று றொக்கோ கேட்டாராம். திரும்பவும் ஒரு மாதம் வாளி தூக்க விட்டார்கள். தூக்கினேன். குணம் அண்ணையின் வேலை போயிற்று. துளசியின் சோதனை முடியும் வரை வீட்டில் இருக்க விட்டார்கள். பிறகு மில்லிக்கனில் ஒருவருடைய நிலக்கீழ் வீட்டுக்குப் போய், ஒரு களஞ்சியசாலையில் பெட்டி ஏற்றுகிற வேலைக்குப் போனார். ஐம்பத்தெட்டு வயதில்.

இரண்டு தரம் போய்க் கதவைத் தட்டினேன். முதல் தரம் செருப்பையும் கொண்டு போனேன். பவளம் அக்கா திறந்து, "அவர் இல்லை" என்றா. அவருடைய சப்பாத்து வாசலில் கிடந்தது. அக்காவும் அதைப் பார்த்தா, நானும் பார்த்தேன். கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் அண்ணை கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருப்பார். நான் செய்தது சரி என்று எல்லாரும் சொன்னார்கள். சரி, பிறகேன் எனக்கு நெஞ்சு வெந்தது? சரி செய்தவனுக்கு இவ்வளவு வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பதினாறு வருடம் அப்படியே போனது. அந்தக் கூரையில் இப்போது புதுச் சுவர், ஒரு டிஷ்ஷும் இல்லை. சனம் எல்லாம் இன்ரநெற்றில் பார்க்கிறது.

அபிராமிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு றொக்கோவின் கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். நான் சாய்வேனா என்று கேட்டால் மனுசன் பொய் சொல்லுவான், முக்கியமாகத் தான் கயிற்றில் இருக்கும்போது. எனக்கு வேண்டிய ஒருவர் செருப்போடு வந்து இதில் சாயப் போனால், நான் பார்த்துக்கொண்டு நிற்பேனா? அதுக்குப் பொய் சொல்ல நேரம் கிடைக்காது. கை முந்திவிடும். உங்கள் பறக்கிற சாமான் சாயுமா, ஆரையாவது பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆகையால் அந்தக் கட்டத்தை அழிக்க வேண்டாம், பிள்ளை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது.

"பாலாவோ?"

"ஓம்."

"குணம் கதைக்கிறன்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவர் சுகம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"துளசி ஸ்ரௌவ்வில்லிலை புது வீடு வாங்கியிருக்கிறாள். மேல் அறைக்கு வெளியிலை ஒரு பல்கணி இருக்கு. பேரப்பிள்ளையள் ரெட்டையள், மூண்டு வயசு, ஒரு இடத்திலை நிக்காதுகள். இன்ஸ்பெக்ரர் பாத்து பாஸ் எண்டு பேப்பர் குடுத்திருக்கிறான். எனக்கு உந்தப் பேப்பர் விளங்கேல்லை. நீ ஒருக்கா வந்து பார்."

"வாறன் அண்ணை. எப்ப?"

"இப்ப."

சுத்தியலை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் இன்னும் புதுப் பெயின்ற் வாசம் மாறவில்லை. துளசி கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டாள். பவளம் அக்கா தேத்தண்ணியோடு வந்து, "மெலிஞ்சு போனாய்" என்றா. நான் மெலியவில்லை. பிள்ளைகள் இரண்டையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, குணம் அண்ணை என்னோடு பல்கணிக்கு வந்தார். எழுபத்துநாலு வயதுக்கு நன்றாகவே வளைந்திருந்தார்.

பொக்கற்றை வெறுமையாக்கினேன். திறப்பு, பேர்ஸ், பேனை எல்லாம் ஒரு கதிரையில். சுத்தியல் கைபிடியால் தூண் தூணாகத் தட்டினேன். ஒவ்வொரு ஆணியையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். உயரம் அளந்தேன். கம்பிகளுக்கு இடையில் பிள்ளையின் தலை போகாது என்று பார்த்தேன். அண்ணை பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"எல்லாம் சரி" என்றார் முடிவில். "அந்தக் கடைசிக் கட்டத்திலை என்ன போடப் போறாய்?"

"கயிறு கொண்டு வரேல்லை அண்ணை."

"பரவாயில்லை."

நான் குனிந்து பல்கணிக் கைபிடியில் நெஞ்சை வைத்து முழுப் பாரத்தையும் கொடுத்துச் சாய்ந்தேன். கீழே புதுப் புல், அதில் இன்னும் பிரிக்காத ஒரு சறுக்குப் பலகைப் பெட்டி. அப்போது பின்னால் என் பெல்ற்றை ஒரு கை பிடித்தது. பிறகு மற்றக் கையும் சேர்ந்தது. அந்த இரண்டு கையாலும் என்னைத் தாங்க ஏலாது. கைபிடி விட்டால் இரண்டு பேரும்தான் போவோம். அது அவருக்கும் தெரியும்.

"என்னவாம்?" என்றார்.

"யெஸ் அண்ணை."

"சரி" என்றார். அதற்குப் பிறகும் பெல்ற்றை அவர் விடவில்லை. நானும் உடனே நிமிரவில்லை.